நான்கு சோடிக் காலுறைகள்

ஐஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவனுக்குக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. மறுத்துப் பேசுவது எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க இன்றைக்கும் கூச்சப்படுவேன்.

நோர்வேயில் இருக்கும் என் தங்கச்சி கூப்பிட்டிருந்தாள். பத்தொன்பது வயதில், சண்டைக் காலத்தில் போனவள். அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கலியாணம் கட்டினாள், பிரிந்தாள், பிள்ளை இல்லை. எங்கள் இருவருக்கும் மேலே யாரும் உயிரோடு இல்லை. போன வருடம் அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். மாசி மாதம் ஒருநாள் தொலைபேசியில், சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"அண்ணா, வைகாசி வரைக்கும் நான் நடப்பனாம். அதுக்குப் பிறகு டொக்டர் ஒண்டும் சொல்றார் இல்ல. நீ வா. ஒரு கப்பல் இருக்கு, அஞ்சு நாள். மலைக்குள்ளால போகும்."

மலைக்குள் கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் இடங்களைப் பார்க்க அந்தக் கப்பலில் உலகமெல்லாம் இருந்து ஆட்கள் வருகிறார்களாம். எங்கட வாவி போலத்தான், ஆனால் இரண்டு பக்கமும் மலை என்றாள். அதில் ஒரு இடம் மிக ஒடுக்கமானது. கப்பல் உள்ளே போய், நின்ற இடத்திலேயே திரும்பி வருமாம். அந்த இடத்தின் படம் போட்ட கலண்டர் ஒன்று அவளுடைய குசினிச் சுவரில் பல வருடங்களாகத் தொங்குகிறது. வருடம் முடிந்தும் கழற்றவில்லை.

"இத்தினை வருசம் இருந்திட்டு ஏன் நீ போகல்ல?" என்று கேட்டேன்.

"அது தனிய நிண்டு பாக்கிற இடமில்லண்ணா."

பிறகு கேட்டாள்: "உனக்கு இப்ப முட்டு ஒண்டும் இல்லத்தானே? சின்னனில இருந்த மாதிரி? இருந்தா வரவேணாம். இந்தக் குளிர் அதுக்குக் கூடாது. உன்னையும் கொண்டுபோய்ச் சாகக் குடுக்க ஏலாது."

மூச்சு இழுக்கும் அந்த வருத்தம் எனக்குச் சின்ன வயதில் இருந்தது. பெரியவனானதும் போய்விட்டது. ஆறு வருடத்துக்கு முன், தொழிற்சாலையில் அமோனியா வாயு கசிந்த ஒரு நாளுக்குப் பிறகு திரும்பி வந்துவிட்டது. சட்டைப் பையில், வாய்க்குள் அடிக்கிற மருந்துப் பம்பு இல்லாமல் நான் வீட்டுப் படலையைத் தாண்டுவதில்லை. தங்கச்சிக்கு அது தெரியாது.

"இல்ல" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு பெட்டி அடுக்கத் தொடங்கினேன்.

என்ன எடுக்க வேண்டும் என்று அவள் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். எழுதி அனுப்பினால் நான் தட்டுத் தடுமாறி வாசிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். "உள்ளுக்குக் கம்பளி. நடுவில மொத்தமா, தடிப்பா ஒண்டு. வெளியால காத்தும் மழையும் பூராத ஒண்டு. இஞ்ச ஒரே நாளில வெயிலடிக்கும், மழை பெய்யும், பனி கொட்டும், திரும்ப வெயிலடிக்கும். வெயிலடிச்சாக் கழட்டவேணும், குளிர்ந்தாப் போடவேணும். பருத்தி மட்டும் வேணாம். பருத்தி நனைஞ்சாக் காயாது."

இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று தெரியாது. எங்கள் ஊர் தன்னாமுனையில் கம்பளி எங்கே கிடைக்கும்? வெளியே வெயில் மண்ணைப் பொரித்துக்கொண்டிருந்தது. என் மனைவியின் கையில் விசிறி. "குளிர் உடுப்பு" என்று ஒரு ஆளிடம் கேட்கவே வெட்கமாக இருந்தது.

காத்தான்குடிக்கு பஸ் ஏறிப் போனேன். பெரிய உடுப்புக் கடை ஒன்றில் நின்றவர் நல்ல மனிதர்.

"வாங்கண்ணன். என்ன பாக்கிறீங்க?"

"ஜேர்சி ஒண்டு."

"எந்தப் பக்கம் பயணம்?"

நோர்வே என்று சொன்னால் கடையில் நிற்கும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். யாரிடம், எதற்கு, எப்படி என்று கேட்பார்கள். தங்கச்சியின் வருத்தத்தைச் சொல்ல வேண்டி வரும். "நுவரெலியா" என்றேன். எங்கள் நாட்டில் குளிருகிற ஊர் அதுதான்.

"எத்தின நாளைக்கு?"

"மூணு கிழமை."

"மூணு கிழமையா? நுவரெலியாவில என்னண்ணன் செய்யப் போறீங்க, தேயிலத் தோட்டம் ஏதும் வாங்கப் போறீங்களா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் நுவரெலியாவுக்கு ஏற்றதைத்தான் எடுத்துத் தந்தார்: நூல் ஜேர்சி இரண்டு, காதை மூடும் தொப்பி ஒன்று, மொத்தமான காலுறை நான்கு சோடி. எல்லாம் பருத்தி. தெரிந்தும் வாங்கினேன். இல்லை, நான் போவது வேறு இடம் என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அன்று தங்கச்சி கேட்டதற்கு, "எல்லாம் எடுத்தாச்சு" என்றேன். அவளுக்குச் சொன்ன இரண்டாவது பொய்.

தொழிற்சாலையில் என்னோடு ஐஸ் இழுக்கிறவர் ஏறாவூர்க்காரர். சவூதியில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். என்னை விட இரண்டு வயது கூட. அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"நோர்வேக்கா? அங்க ஐஸ் உடைக்க ஆளில்லையாமா மச்சான்?"

"பகிடி விடாதீங்க. உடுப்பில்லாம நிக்கிறன்."

மறுநாள் அவர் ஒரு ஜாக்கெட் கொண்டுவந்தார். பாலைவனத்தில் மார்கழி மாதக் காவல் வேலைக்குக் கொடுத்ததாம். கறுப்பு. உள்ளே பஞ்சு. "இதப் போட்டுக்கிட்டு உள்ளுக்குப் போய் நிண்டு பாரு. குளிரினாச் சொல்லு, வேற பாப்பம்" என்றார்.

நான் ஜேர்சி இரண்டையும் போட்டு, அதற்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டு, காலுறையோடு ஐஸ் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தச் சொன்னேன். அடுக்கியிருந்த ஐஸ் பாளத்தில் ஒரு சாக்கைப் போட்டு அதன் மேல் இருந்தேன். வெளியே இருந்து அவர், "என்ன, உசிரோட இரிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம் இருந்தேன். கையும் மூக்கும் விறைத்தன, ஆனால் நெஞ்சு அடைக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தபோது முதலாளி நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

தேறிவிட்டேன் என்று நினைத்தேன். ஐஸ் அறைக்குள் காற்று அடிக்காது, மழை பெய்யாது என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. குளிர் என்றால் எனக்குத் தெரிந்தது அசையாமல் கிடக்கும் குளிர்தான். அதற்குள் போனால் கதவைத் திறந்து வெயிலுக்கு வந்துவிடலாம். எங்களுக்கு வேறொரு பழக்கமும் உண்டு. குழாயில் அமோனியா மணம் வந்தால் உடனே துவாயைத் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வோம். அந்த வாயுவைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். பத்தொன்பது வருடத்தில் எத்தனை தடவை கட்டியிருப்பேன். மூச்சு முட்டுகிறது என்றால் கை தானாகவே தண்ணீர் தேடும்.

பெட்டி அடுக்கும்போது மனைவிக்கும் எனக்கும் சண்டை வந்தது பம்பினால்.

"இஞ்சேருங்க, அதைக் கைப்பைக்குள்ள வையுங்க."

"கைப்பையைத்தான் தங்கச்சி முதல்ல திறப்பாள்."

"திறந்தாத் திறக்கட்டும். உங்களுக்கு முட்டு வந்தா அந்தக் கடலுக்குள்ள யாரு பாக்கிறது?"

"தெரிஞ்சா அவள் போகமாட்டாள், புள்ள. கப்பலையே வேணாமெண்டிருவாள்."

மனைவி ஒரு காலுறைச் சோடியை என் கையில் தந்தாள். அதற்குள் புதுப் பம்பை வைத்து, சுருட்டி, மற்ற மூன்று சோடிக்கும் நடுவில் வைத்தேன். சட்டைப் பையில் ஒன்று கொண்டுபோனேன், ஆனால் அது முடியும் தறுவாயில் இருந்தது. பிளேனிலேயே முடிந்துவிட்டது.

விமான நிலையத்தில் தங்கச்சியைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் கையைக் காட்டினாள். தலையில் தொப்பி. எங்கள் அம்மாவின் கடைசிக் காலத்து முகம். என் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து, "இது என்னண்ணா, தலகாணியோ?" என்றாள்.

கப்பலுக்கு இரண்டு நாள் இருந்தது. முதல் நாள் நான் பயணக் களைப்பில் பகல் முழுக்கத் தூங்கிவிட்டேன். எழும்பியபோது என் பெட்டி திறந்து கிடந்தது. அவள் நிலத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இரண்டு குவியலாகப் பிரித்திருந்தாள். எனக்கென்று அவள் முன்பே வாங்கி வைத்திருந்த கம்பளி உள்ளுடுப்பு, மழைச் சட்டை, கையுறை எல்லாம் ஒரு சின்னப் பைக்குள் போய்விட்டன. கப்பல் பை. என் ஜேர்சிகள், தொப்பி எல்லாம் மற்றக் குவியலில்.

"பருத்தி வேணாமெண்டு எத்தினை தரம் சொன்னன்? இதுகளைப் போட்டுக்கொண்டு வெளியில நிண்டா செத்துப்போவாய்."

"காலுறை?"

"அதுவும் பருத்திதான். உனக்கு நல்ல கம்பளி வச்சிருக்கன், அஞ்சு சோடி." அலுமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். "எல்லாம் அங்க வச்சிட்டன். ஊருக்குப் போகேக்க எடு."

பிறகு அவள் இல்லாத நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவள் இல்லாத நேரமே வரவில்லை. அலுமாரி அவளுடைய அறையில். அவள் பெரும்பாலும் படுத்தே இருந்தாள். புறப்படுகிற காலையில் அவள் குளியலறைக்குள் போனதும் உள்ளே ஓடிப்போய் மேல்தட்டில் கையை விட்டு ஒரு சோடியை எடுத்து மழைச் சட்டைப் பைக்குள் போட்டேன். பார்க்க நேரமிருக்கவில்லை. நான்கு சோடியும் ஒரே நிறம், ஒரே சுருட்டு; அந்த அவசரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று கைக்கும் தெரியவில்லை.

கப்பல் கரையை விட்டு இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, அவள் சாப்பாட்டு மண்டபத்தில் இடம் பிடிக்கப் போன நேரம், அறைக்குள் அதை விரித்துப் பார்த்தேன். வெறும் காலுறை.

நான் கட்டிலில் இருந்துவிட்டேன். வட்ட யன்னலுக்கு வெளியே கரை போய்க்கொண்டிருந்தது. கப்பலில் வைத்தியம் பார்க்கிறவர்கள் இருப்பார்கள் என்று தெரியும். ஆனால் அவர்களிடம் பேச எனக்குப் பாஷை கிடையாது. தங்கச்சிதான் பேச வேண்டும்.

அந்த இரண்டு நாளும் நான் மூச்சை எண்ணிக்கொண்டு திரிந்தேன். படி ஏறவில்லை. வேகமாக நடக்கவில்லை. வெளியே போவோம் என்று அவள் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்றேன். வெயில் அடித்தது, எல்லோரும் மேல் உடுப்பைக் கழற்றினார்கள். கால் மணித்தியாலத்தில் கண்ணாடியில் மழை. பிறகு வெள்ளையாக ஏதோ கொட்டியது. எல்லோரும் திரும்பப் போட்டார்கள். நான் மட்டும் போட்டதைப் போட்டபடி வியர்த்துக்கொண்டு உள்ளே இருந்தேன். அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில் உடுப்புக் கழற்ற எனக்கு ஏலவில்லை.

"கழட்டண்ணா. இஞ்ச ஒருத்தரும் உன்னப் பாக்கல்ல."

"பரவாயில்ல."

"வாவிக்கரையில பிறந்தவனுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளல்லையாம். ஊரில சொன்னாச் சிரிப்பாங்கள்." அவள்தான் சிரித்தாள். எனக்காகத் தேத்தண்ணீர் வாங்கி வந்தாள். அவளுடைய விரல்களுக்கு மருந்தினால் உணர்வு குறைவு. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாளைக்கு எப்படியாவது நின்றுவிட வேண்டும், இருபது நிமிடம், ஐஸ் அறைக்குள் இருந்தது போல இருபது நிமிடம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த இடம். அவள் காலையிலிருந்தே உடுக்கத் தொடங்கினாள். உடுப்பு ஒவ்வொன்றையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். சிப்பை இழுத்து விட்டேன். சப்பாத்துக் கயிறு கட்டினேன். அவளுடைய ஆறு வயதில் நான்தான் அவளுக்குக் கட்டிவிடுவேன்.

கப்பலின் முன்பக்கத் திறந்த தட்டில் எங்களுக்கு முன்பே ஆட்கள் வந்து நின்றார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிழவர் விலகி, கம்பியோரம் இடம் விட்டார். வெயில் இருந்தது. தூரத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கீறு தெரிந்தது.

"அதுதான் வாய்" என்றாள். "அதுக்குள்ளதான் போகப் போறம்."

அப்போது காற்று வந்தது. அந்தக் கீற்றுக்குள் இருந்துதான் வந்திருக்க வேண்டும். வெயில் போய்விட்டது. ஈரமான பனி சாய்வாக அடித்தது. உள்ளே வியர்த்திருந்த உடம்பு ஒரே நொடியில் குளிர்ந்தது. நெஞ்சுக்குள் அந்த இறுக்கம் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. இன்னும் இழுப்புச் சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால்தான் அவளுக்குத் தெரியும்.

நான் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். கழுத்தில் சால்வை இருந்தது. பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. யோசிக்கவே இல்லை. சால்வையை நனைத்து மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டினேன்.

இரண்டு மூச்சுத்தான். அந்தக் காற்று நனைந்த துணிக்குள்ளால் வந்தபோது ஐஸையே விழுங்கியது போல இருந்தது. துணி முகத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது மூச்சு உள்ளே வரவில்லை. பிறகு வந்தது, அந்தச் சத்தத்தோடு.

சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். அந்தச் சத்தம் கேட்டு அம்மாவை எழுப்புகிறவள் அவள்தான். அவள் திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே அவளுடைய கை வந்து என் நெஞ்சில் பட்டது. கையுறையோடு அழுத்திப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். சால்வையைப் பிடித்து இழுத்தாள். அது நனைந்திருப்பதைக் கண்டதும் அவளுடைய முகம் மாறியது.

"பம்பு எங்க?"

என்னால் பேச முடியவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

மலையின் வாய் இப்போது கிட்ட வந்திருந்தது. அவள் அதை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, நடக்கவே தெண்டித்துக்கொண்டிருந்தவள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். வழியில் நின்றவர்களிடம் அவர்களுடைய பாஷையில் சத்தமாக ஏதோ கேட்டாள். அவளுடைய குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

தாதியின் அறை கப்பலின் அடித்தட்டில் இருந்தது. யன்னல் இல்லை. முகமூடியை மாட்டி மருந்துப் புகையைத் திறந்துவிட்டார்கள். தங்கச்சி பக்கத்தில் கதிரையில் இருந்தாள். மேலே ஒலிபெருக்கியில் யாரோ அறிவித்தார்கள், ஒரு பாஷையில், பிறகு இன்னொன்றில். தலைக்கு மேலே ஆட்கள் ஓடுகிற சத்தம். கப்பல் ஊதியது. மலையில் பட்டுத் திரும்பி வந்த அந்த ஊதல் எங்களுக்கும் கேட்டது. நான் கையால் மேலே காட்டினேன். போ, நீ போய்ப் பார் என்று. அவள் என் கையைப் பிடித்துக் கட்டிலில் வைத்தாள். திரும்பக் காட்டினேன். திரும்ப வைத்தாள்.

கப்பல் நின்ற இடத்தில் திரும்பியது உடம்புக்குத் தெரிந்தது. மெதுவாக, ஒரு பக்கமாக. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

முகமூடியைக் கழற்றிய பிறகு கேட்டாள். "எவ்வளவு காலமா?"

"ஆறு வருசம்."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ வேணாமெண்டிருப்பாய்."

"ஓம். வேணாமெண்டுதான் சொல்லியிருப்பன்." பிறகு, "ரெண்டு பேரும் வீட்ட இருந்து கதைச்சிருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

கப்பல் அந்த வழியால் திரும்பி வரவில்லை. மிச்ச இரண்டு நாளும் அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. மேலே கொண்டுபோன பலத்தையெல்லாம் என்னைக் கீழே இறக்கச் செலவழித்துவிட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் அவளுடைய அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அப்போது அவளுடைய சினேகிதி தொலைபேசியில் கூப்பிட்டாள். மீன் தொழிற்சாலையில் கூட வேலை செய்தவள், எங்கள் செங்கலடிப் பக்கத்துப் பெண். தங்கச்சிக்குக் கையில் பிடிக்கக் கஷ்டம் என்பதால் தொலைபேசியைப் போர்வையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கதைத்தாள்.

"என்னகா, கலண்டர்ல இரிக்கிற அந்த எடத்தப் பாத்தாயா?"

"பாத்தன்."

"எப்பிடி?"

"சொல்ல ஏலாது. மலை ரெண்டும் தலைக்கு மேல வந்திட்டு. தண்ணி கறுப்பு. மேலயிருந்து வெள்ளையா விழுந்துகொண்டிருந்தது." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்ணன் பக்கத்தில நிண்டவர்."

"அண்ணனுக்குக் குளிரல்லையா? குடு அவருட்ட."

நான் ஜேர்சியை மடித்துக்கொண்டிருந்தேன். தெரியாத பெண்களோடு தொலைபேசியில் பேசுகிற ஆள் நான் இல்லை. தங்கச்சி என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

நான் கட்டிலருகே போய், போர்வையில் கிடந்த தொலைபேசிக்கு நேராகக் குனிந்தேன்.

"குளிரத்தான் செஞ்சது" என்றேன் அந்தப் பெண்ணிடம். "ஆனா முடியுமட்டும் நிண்டம், தங்கச்சி. ரெண்டு பேரும் நிண்டு பாத்தம்."